மெலிந்துபோன மாப்பிள்ளை பேர்

"மாப்பிள்ளை பேரு மெலிஞ்சு போச்சுக்கா."

கோப்பெங் போகும் பேருந்தில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் காது கொடுத்தேன். மரச்சாமான் கம்பெனியில் கணினி மூலம் மரம் வெட்டும் மெசின் ஓட்டுகிறவள். தன் கல்யாணத்துக்குத் தானே பலகையிலிருந்து இருவர் பெயர்களையும் எழுத்தெழுத்தாக வெட்டி எடுத்திருக்கிறாள்.

"பேரு எப்படிலா மெலியும்?" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

"கட்டர் எழுத்துக் கோட்டுக்கு வெளிய ஓடணும். அவரு பேருக்கு மட்டும் உள்ள ஓடுற மாதிரி செட் பண்ணிட்டேன். எழுத்தச் சுத்தித் தின்னுருச்சு."

"வேற பலகைல வெட்டலாம்ல?"

"அந்த மரம் தீந்துபோச்சு. ஞாயித்துக்கெழம கல்யாணம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கோவப்படல. பக்கத்துல என் பேரு குண்டாத் தெரியுதுன்னாரு."

"அப்புறம்?"

"என் பேரத் திரும்ப மெசின்ல மாட்டி, அதையும் கோட்டுக்கு உள்ள வெட்டிட்டேன். இப்ப ரெண்டு பேரும் ஒரே அளவு."