பாண்டு முடியாத சீட்டு

இரவு பத்தே முக்கால். திண்டிவனம் பைபாஸ். ஊருக்குள் போகாத பஸ் அது. கண்டக்டர் விசில் அடித்தார், இருட்டில் ஒருத்தியை இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் ஊர்ப் பாதை. தோளில் பை, பையில் காலி டிபன் பாக்ஸ். தூக்கம் கண்ணை அழுத்துகிறது. பாதி ரோடு தாண்டியிருப்பாள்... லாரி.

அவ்வளவுதான். வேணி என்று பெயர்.

கட்டிலைத் திரும்பிப் பார்க்காதீர்கள். எலிசா அக்கா தூங்குகிறாள், தூங்கட்டும். அவள் விரல் நுனியெல்லாம் ஏன் அப்படித் தேய்ந்திருக்கிறது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். நம் ரூம் கிளாராவின் பெரியப்பா மகள் அவள். நான் கூட்டிச் சொன்னால் கிளாரா இங்கேயே இருக்கிறாள், திருத்தட்டும்.

வேணி வேலை பார்த்தது விழுப்புரத்தில், ஓர் உரக்கடையின் மாடியில். ஆஸ்பத்திரிகளுக்கு சாப்ட்வேர் எழுதித் தரும் சின்னக் கம்பெனி. சேரும்போது ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டும். அது முடிகிறவரை சர்டிபிகேட் முதலாளி சீனுவாசன் சாரின் பீரோவில் இருக்கும். நம்மைப் போன்றவர்கள் கேட்டதும் கொடுத்துவிடுவோம். கொடுக்காதே என்று சொல்ல நம் வீட்டில் இதற்கு முன் யார் படித்தார்கள்?

கருமாதி முடிந்த கையோடு வேணியின் அப்பா தாண்டவராயன் மாடியேறி வந்தார். கூலி வேலை செய்கிறவர். உட்காரவில்லை.

"அவ படிச்சதுன்னு காட்ட என்கிட்ட வேற ஒண்ணும் இல்லீங்க. அந்தக் காயிதத்தக் குடுத்தீங்கன்னா..."

"பாண்டு இன்னும் முடியலயே பெரியவரே," என்றார் சார்.

செத்தவளுக்குப் பாண்டு. அவர் அதை விளையாட்டாகவும் சொல்லவில்லை.

அந்த சீட்டுக்குத்தான் எலிசா அக்கா போய்ச் சேர்ந்தாள். பெருமுக்கல் பக்கம் ஊர். அவள் அம்மா ஜல்லி உடைத்துப் படிக்க வைத்தாள். வேணியைப் பற்றி யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை. மூலையில் ஒரு மேசை. கீபோர்டில் ஸ்பேஸ் பார் மட்டும் தளர்ந்திருந்தது. கட்டை விரல் பட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம்.

"முன்ன யாரு இருந்தா இங்க?"

"வேணின்னு ஒரு பொண்ணு," என்றான் பக்கத்து சீட்டு இனியவன்.

"நின்னுட்டாங்களா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றான்.

அவர்கள் வேலை செய்தது ஒரு ஜாவா பிரேம்வொர்க்கில். அதில் பிரவுசரில் தெரிவது வெறும் படம். திரை, பொத்தான், பெட்டி எல்லாமே சர்வருக்குள்தான் இருக்கும். நீ இங்கே பொத்தானைத் தட்டினால் அங்கே சர்வரில் ஒரு வரி ஓடும். யாரும் தட்டாமல் வரி ஓடாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சாயங்காலம் தப்போடு விட்டுப்போன புரோகிராம் கோடு, காலையில் வந்து பார்த்தால் சரியாகியிருக்கும்.

"நீங்க பண்ணீங்களாண்ணா?"

"என் வேலையே எனக்குப் பேஜாரு. உன் வேலையையும் சேத்துப் பாக்க நான் இன்னா சாரோட மருமவனா?"

யார் திருத்தியது என்று கம்ப்யூட்டர் பதிவில் தேடினாள். வேணி என்று இருந்தது. சார் அந்தப் பெயரில் உள்ளே போகிறாரோ என்று நினைத்தாள். ஆனால் சாருக்கு ஒரு மெயில் அனுப்பவே இனியவன் துணை வேண்டும்.

அப்புறம் அந்த ராத்திரி. விடிந்தால் ஓர் ஆஸ்பத்திரியில் சாப்ட்வேரைத் தொடங்க வேண்டும். அதில் ஒரு தப்பு பிடிபடவே இல்லை. இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பதிந்தால், ஒரு நோயாளியின் இரத்த வகை இன்னொருவர் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆளையே கொல்லும் தப்பு. "இத முடிக்காம வீட்டுக்குப் போவாத," என்று சார் கிளம்பிவிட்டார். இனியவன் பரோட்டா வாங்கக் கீழே இறங்கினான்.

அக்கா தனியாக, இனியவன் சீட்டில் உட்கார்ந்து சர்வர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் இருந்தது.

வரி ஓடியது.

புது நோயாளி. சேமி. இன்னொரு கவுண்டர்... புது நோயாளி. சேமி. யாரோ பொறுமையாக, அலுக்காமல், அந்தத் தப்பைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களாக இருக்கும் என்று நெட் ஒயரைப் பிடுங்கினாள்.

வரி நிற்கவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை. வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை... உப்பும் மண்ணுமாக, சூடாக, யாரோ டிபன் பாக்ஸைத் திறந்த மாதிரி. மூலையில் நாற்காலி காலி. வரி நின்றது.

டொக்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டொக்.

சத்தம் ஓய்ந்த பிறகு அவள் எழுந்து போய்த் திரையைப் பார்த்தாள். புரோகிராமில் ஒரே ஒரு சொல் அழிந்திருந்தது. ஸ்டேடிக். அந்தச் சொல்தான் எல்லா நோயாளியையும் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிப் பார்த்தாள். தப்பு இல்லை.

இனியவன் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டான். மூக்கை உறிஞ்சினான்.

"மல்லாட்ட வாசன வருது இல்ல? அவதான் தினம் வூட்லருந்து அவிச்சு எடுத்தாருவா." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். லாரி, அப்பா, பீரோ. "பாண்டு முடியாம போவ மாட்டா போல கீது."

அக்காவுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "செத்தும் ஓவர்டைமா? பீரோ சாவி எங்க?"

சாவி சாமி படத்துக்குப் பின்னால். அவள் இரண்டு சர்டிபிகேட்டை எடுத்தாள். வேணியுடையது, தன்னுடையது.

இனியவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் பரோட்டா வாங்கப் போனவன், இன்னும் வரல."

விடியும்போது தாண்டவராயன் வீட்டு வாசலில் நின்றாள். அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். "இதுல அவ பேரு எங்கம்மா இருக்குது?" அவள் அவர் விரலைப் பிடித்து அந்தப் பெயர்மேல் வைத்தாள்.

நான் இத்தோடு நிறுத்தியிருப்பேன். அக்கா சென்னைக்குப் போய் வேறு வேலையில் சேர்ந்தாள். ஒருநாள் இனியவன் போன் செய்தான்.

"வேணி பேர்ல இப்ப ஒண்ணும் வர்றதில்ல."

"நல்லது."

"உன் பேர்ல வருது. தினம் ராத்திரி."

அவள் அந்த சீட்டின் பாண்டை முடிக்காமல்தானே வந்தாள்... இப்போதெல்லாம் எவ்வளவு தூங்கினாலும், விடிய விடிய வேலை பார்த்தவள் மாதிரிதான் எழுந்திருக்கிறாள். கையில் மல்லாட்டை வாசனை. சோப்பு போட்டாலும் போவதில்லை. பாண்டு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறதாம். அதனால்தான் கொஞ்ச நாள் நம்மோடு இருக்கட்டும் என்று கிளாரா கூட்டி வந்தாள்.

கரண்ட் போய்விட்டது. நல்லதுதான், ஃபேன் சத்தம் இல்லை. பேசாமல் இருங்கள்.

போர்வைக்குள் அவள் விரல் அசைகிறது, தெரிகிறதா? இப்போது கட்டை விரல்...

டொக்.

மெத்தையில் பட்டால் அந்தச் சத்தம் எப்படி வரும் என்று கிளாரா கேட்கிறாள்.