நெல்லோடு காய்ந்த சீஸ்

“நெல்லு காயற ரோட்டுலதான் மச்சான் சீஸையும் காயப்போட்டேன்.”

திருவாரூர் பேருந்தில் இது காதில் விழுந்ததும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். முன் இருக்கையில் இரண்டு பேர். சொன்னவர் மடியில் மூடி போட்ட ஒரு தகரச் சம்படம்.

“எதுக்கு மாப்ள?”

“பாப்பா தின்ன சீஸ் பிஸ்கட் கவரைப் படிச்சேன். மைதா, பாமாயில், உப்பு, எல்லாத்துக்கும் கீழ சீஸ்பொடி. இம்புட்டுத்தானா, நம்ம நொய்யரிசி மாவுல செய்யலாமேன்னு அப்பவே தோணுச்சு. காயவச்சா பொடியாயிடும்னு நெனச்சேன்.”

“ஆச்சா?”

“உருகித் தாரோட ஒட்டிக்கிச்சு. பக்கத்துல காஞ்ச பெரியப்பா நெல்லும் அதுலயே ஒட்டிக்கிச்சு. சுரண்டி எடுத்ததுதான் இது.”

மச்சான் சம்படத்தைத் திறந்து முகர்ந்துவிட்டு, அதே வேகத்தில் மூடினார். பக்கத்து இருக்கை அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை பேக்கரி பாய் பிஸ்கட்டை ருசி பாக்கணும்னாரே? அந்த ஆர்டரை நம்பித்தானே மில்லு வேலையை விட்டே?”

“அதான் மச்சான், இன்னும் பொடியே ஆவல.”

மச்சான் சம்படத்து மூடியை விரலால் தட்டியபடி கேட்டார்.

“மில்லுல இத்தனை வருஷம் இருந்தியே, பச்சை நெல்லை அப்படியே அரைச்சா என்னாகும்?”

“நொறுங்கிப்போகும்.”

“அதுக்கு என்ன பண்ணுவோம்?”

“ஊறவச்சு அவிச்சுட்டுத்தான் காயப்போடுவோம்.”

“நீ சீஸை அவிச்சியா?”

மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“இல்லியே மச்சான்!”

“பின்ன எப்படி உருப்படும்? இன்னிக்கே புது சீஸ் வாங்கி ஊறப்போட்டுடு. காலையில அண்டாவோட வரேன், அவிச்சுப்புடுவோம்.”