டேப் தட்டினால் வரும் பெயர்

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, ஐயா. எண்ணூரில் எங்கள் கன்ட்ரோல் ரூம் டீயைப் பதினோரு வருடம் குடித்தவன் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் அமில டேங்குகள் ஜோடி ஜோடியாக நிற்கும். வடக்கு ஒன்று, வடக்கு இரண்டு என்று பெயர். ஒன்றில் அமிலம் நிரம்பும்போது மற்றதில் ஆள் இறங்கிக் கழுவுவார். வால்வைத் திறக்கக் கறுப்புத் திரையில் டேங்கின் பெயரை டைப் செய்ய வேண்டும். அதற்கே ஆபரேட்டர்களுக்கு விரல் நோகும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஷிப்ட் ஆபரேட்டர் நெல்சன், ராயபுரத்துக்காரன், என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணே, முழுப் பேரும் இன்னாத்துக்கு? ரெண்டு எழுத்து போட்டு டேப் தட்டுனா அதுவே வந்து குந்திக்கணும்."

சிஸ்டம் பார்ப்பவன் நான். எழுதிக் கொடுத்தேன். டேப் பட்டனைத் தட்டினால் மீதிப் பெயரை நிரப்பும் ஃபங்ஷன், நாற்பது வரி புரோகிராம். அதில் என் சொந்த யோசனையையும் சேர்த்தேன்: எந்த டேங்கில் ஆள் இறங்கியிருக்கிறார் என்று பர்மிட் பட்டியலைப் படித்து, அந்தப் பெயரை அது ஒளித்துவிடும். மிஞ்சுவது ஆள் இல்லாத டேங்க் மட்டும். அதன் பிறகு இந்தக் கூட்டம் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. டேப், எண்டர். கழுவும் டேங்கின் வால்வுக்குப் பூட்டுப் போடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஊட்டிவிட்டால் மென்று விழுங்கவும் ஆள் கேட்பார்கள்.

மார்ச்சில் பாதுகாப்பு வார விழா. மூன்று வருடத்தில் ஒரு டேங்கைக்கூடத் தவறாகத் திறக்காதவன் என்று மேனேஜர் சுஜா மேடம் நெல்சனுக்கு ஷீல்டு கொடுத்தார். மைக்கைப் பிடித்து அவன் சொன்னான்: "இது இன்னா பெரிய வித்தை? நான் கண்ண மூடிக்கினு தொறந்தாலும் தப்பு வராது."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

மறுநாள் காலை அந்த நாற்பது வரியில் ஒரு குறியை எடுத்தேன். 'இல்லை' என்று பொருள்படும் ஒரே ஒரு குறி. ஆள் இல்லாத டேங்கைக் காட்டிய ஃபங்ஷன், ஆள் இருக்கும் டேங்கை மட்டும் காட்டத் தொடங்கியது. அதுவும் நெல்சனின் லாகினில் மட்டும். மற்றவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

பத்தரை மணிக்கு அவன் வடக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே இரண்டு எழுத்து, டேப், எண்டர். திறந்தது வடக்கு இரண்டு. உள்ளே சடையங்குப்பம் லோகநாதன் கசடு சுரண்டிக்கொண்டிருந்தார். சத்தம் கன்ட்ரோல் ரூம் வரை கேட்டது. கொஞ்ச நேரம்தான்.

அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாமல் என்ன? ஆள் இல்லையென்றால் டேப் எதையுமே காட்டியிருக்காது. பட்டியலில் அவர் பெயர் ஏறும்வரை காத்திருந்துதான் குறியை எடுத்தேன். நல்ல மனிதர். காலையில் கேட்டில் எனக்கு வணக்கம் வைத்தார்.

"நான்தான் கொன்னுட்டேன்" என்று நெல்சன் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்திருக்கிறானாம். நீங்களும் அவன் பெயரிலேயே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டீர்கள். அதற்காகத்தான் காலடிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தேன். மூன்று வருடமாக என் வேலைக்கு அவன் பேர் வாங்கினான். இதையும் அவனுக்கே கொடுத்தால் எப்படி, ஐயா?