காய வைத்த வால்வும் பத்துச் சொட்டு எண்ணெயும்

தம் சொந்த அறைக்கு வெளியே இருபது நிமிடம் நின்று பழகிய தலைவர் அவர்களே, எங்கள் மேலாளரே! விரலால் தடவியே காகிதத்தின் கனம் சொல்லும் கிடங்குப் பெரியோர்களே! மடிப்பு இயந்திரத்தின் முன் நாளெல்லாம் நின்றும் முகம் சுளிக்காத தாய்மார்களே! முன்வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! உங்கள் அனைவரையும் இந்த 'எண்ணெய்க் கேன்' கைகூப்பி வணங்குகிறது.

ஆம், இந்த அச்சகத்தில் முப்பது ஆண்டுகளாக இயந்திரம் பார்க்கும் எனக்கு நீங்கள் சூட்டிய பட்டம் அது. யாரய்யா கைதட்டுவது? பைண்டிங் பிரிவா? தட்டுங்கள். இன்னும் சற்று நேரத்தில் திட்டப்போவதும் நீங்கள்தான்.

மெய்ப்புத் திருத்தும் நம் தங்கை, அதோ கடைசி வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர் பிள்ளை பெற்று நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினார். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கிடங்கில் காகித உருளைகளுக்குப் பின்னால் போவார். கிடங்குக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து, பிள்ளைக்காகக் கருவி வைத்துத் தாய்ப்பால் எடுப்பார். பிறகு அந்தக் கருவியின் பாகங்களைக் கழற்றித் தனிக் கிண்ணத்தில், தனிப் பிரஷ்ஷால் கழுவி, தேநீர் அறை மூலையில் வெள்ளைத் துணி விரித்துக் காய வைப்பார். தனிக் கிண்ணம் எதற்கு என்கிறீர்களா? நாம் குவளை கழுவும் தொட்டியை நீங்கள் பார்த்ததே இல்லையா?

ஒருநாள் பன்னிரண்டரை மணிக்கு நான் தேநீர் அறைக்குள் போனேன். என்ன கண்டேன்? வெள்ளைத் துணி கண்டேன். துணிமேல் ஒரு புனல், ஒரு குழாய், ஒரு சின்னஞ்சிறு ரப்பர் வால்வு கண்டேன். அத்தனையும் காய்ந்து கிடக்கக் கண்டேன்! பற்சக்கரம் காய்ந்தால் பதறுகிற பாவி நான். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? இடுப்பிலிருந்து எடுத்தேன் கேனை. விட்டேன் பத்துச் சொட்டு! விட்டதோடு போனேனா? என் கைத்துணியால் துடைத்து மெருகேற்றி வேறு வைத்தேன்.

இரண்டு மணிக்கு ஒரு குரல்.

"அண்ணே, இதுல யாரு எண்ணெய் விட்டது?"

"நான்தாம்மா! காஞ்சு போய்க் கெடந்துச்சு. இனிமே வழுக்கிக்கிட்டு ஓடும் பாரு!"

"அண்ணே... இது என் பாப்பாவுக்குப் பால் எடுக்கிற மிஷின்ணே."

சிரிக்கிறீர்கள். அன்று அவர் சிரிக்கவில்லை. மார்பில் பால் கட்டி, வலி ஏறி, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார். ராஜினாமாக் கடிதம் எழுதி மேலாளரிடம் கொடுத்தார். இரண்டே வரி, ஒரு புள்ளி பிழையில்லை.

நான் மருந்துக்கடைக்கு ஓடினேன்.

"பால் எடுக்கிற மிஷினுக்குப் பார்ட்ஸ் எல்லாம் ஒரு செட் குடுங்க. வால்வு முக்கியம்!"

"யாருக்குங்க?"

"எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்கு. நான்தான் மிஷின் ஆயில் விட்டுட்டேன்."

கடையில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

தேநீர் போடும் தம்பி புதுப் பாத்திரத்தில் பாகங்களைக் கொதிக்க வைத்தார். உள்தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை மேலாளர் அறை. தங்கை உள்ளே போக, மேலாளர் வெளியே நின்றார். நின்ற நேரத்தில் கடிதத்தைப் படித்தார். கதவு திறந்ததும் கேட்டார்.

"வேலை ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?"

"வேலை கஷ்டமில்ல சார். ஒளிஞ்சு ஒளிஞ்சு கழுவுறதுதான் கஷ்டம்."

எதை ஒளித்தார் தோழர்களே? களவாடிய பொருளா? கள்ள நோட்டா? ஒரு கைக்குழந்தையின் பசிக்கான பாலை அல்லவா ஒளித்தார்! ஆயிரம் நட்டுக்கும் போல்ட்டுக்கும் அலமாரி உண்டு இங்கே. அந்த மூன்று பாகங்களுக்கு ஒரு சாண் இடம் உண்டா? வெட்கத்தோடு வீடு போய் என் மனைவியிடம் கேட்டேன், "மூத்தவன் பொறந்தப்ப நீ ஏன் வேலையை விட்ட?" என்று.

"பால் கட்டிக் காய்ச்சல்ல படுத்தேன், அதான். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

அதனால்தான் அந்த முறைப்பு. முறைக்கட்டும், முழுதும் எனக்குத் தகும்.

இதோ, மேலாளர் ஒதுக்கித் தந்து நாம் இன்று திறக்கும் தாய்மார் அறை! குழாய் பொருத்தியவன் நான். காய வைக்கத் தட்டு அடித்தவன் நான். தாழ்ப்பாள் உள்ளே மட்டும். எண்ணெய் கதவின் கீலுக்கு மட்டும்! ஆனால் தங்கை இன்னும் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. "அறையைப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றுவிட்டார். கடிதம் மேலாளர் சட்டைப்பையில் இருக்கிறது.

இன்னும் நால்வர் பேச வேண்டும் என்கிறது நிகழ்ச்சி நிரல். மணியோ பதினொன்று. நால்வரும் காத்திருப்பார்கள்; பால் காத்திருக்குமா? மேலாளர் அவர்களே, கத்திரியைத் தங்கையிடம் கொடுங்கள். பைண்டிங் பிரிவே, வழி விடு! போம்மா, உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்க. நாங்க வெளிய நிக்கிறோம்.

ரிப்பனை வெட்டிவிட்டார். என்ன, மேலாளரிடம் கை நீட்டுகிறாரே? கடிதத்தையா கேட்கிறார்? வாங்கிக்கொண்டார்! வாங்கிக்கொண்டே உள்ளே போய்விட்டார்!

கேட்டீர்களா, தாழ்ப்பாள் விழுந்த சத்தம்? அதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. கைதட்டாதீர்கள், உள்ளே வேலை நடக்கிறது. வணக்கத்தையும் மெல்லவே சொல்லி உட்காருகிறேன்.