ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க முயன்றதும் கடை மேசையைத் தாண்டியதும் குறித்து

என் பெயர் குணாளன், தந்தை பெயர் இராமையா, வயது 44. சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் மனைவி குமுதாவுடன் வசிக்கிறேன். பதினாறு ஆண்டுகளாகத் திருமணங்களை வீடியோ எடுத்துத் தருகிறேன். என் மீது இதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை.

2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை காலை 10.20 மணிக்கு, யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இன்றி, முழுச் சுயநினைவோடு, கேபிளை மாற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். முடிவை மனைவியிடம் முன்கூட்டியே தெரிவித்தேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.

அந்தக் கேபிள் என்னுடைய வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கணினியுடன் இணைப்பது. ஆகஸ்ட் 24 அன்று பட்டர்வொர்த்தில் நல்லமுத்து என்பவரின் மகள் திருமணத்தை எடுத்த வீடியோ முழுவதும் அதில் இருந்தது. கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்த வாரத் திருமணத்துக்காக அழித்துவிட்டேன். வேறு பிரதி கிடையாது.

அக்டோபர் 9 அன்று நல்லமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. 11ஆம் தேதி அவருடைய மனைவி நவமணி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் நோயாளியின் பழைய குரல் இருந்தால் கொண்டுவரச் சொன்னாராம். நல்லமுத்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பும் பழக்கம் உள்ளவர் அல்லர். திருமணத்தன்று விருந்தினர் தங்கள் கைப்பேசிகளில் சாப்பாட்டைப் படம் எடுத்திருந்தார்களே தவிர, அவர் மேடையில் நன்றி சொல்லிப் பேசியதை யாரும் எடுக்கவில்லை. "தம்பி, கல்யாணப் படம் எப்ப குடுத்தாலும் சரி. அவரு பேசினத மட்டும் மொதல்ல வெட்டிக் குடுத்துருங்க" என்று நவமணி அக்கா சொன்னார். நாளைக்கே தருகிறேன் என்றேன். அதன் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். அதன் விளக்கு எரிந்தது. கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் முன்சொன்னபடி கேபிளை மாற்றினேன். பயனில்லை. அதன் பிறகு கணினியின் வேறு துளையில் செருகினேன். அதன் பிறகு கணினியை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி போட்டேன். அதன் பிறகு குமுதாவின் அலுவலக மடிக்கணினியில் செருகினேன். அது ஒரு முறை 'டுங்' என்று ஒலி எழுப்பியது. நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். அதற்குப் பிறகு அது எதுவும் செய்யவில்லை.

அடுத்த பத்து நாளில் இணையத்தில் பதினேழு காணொளிகள் பார்த்தேன். பதினேழிலும் பேசியவர்களுக்கு மூன்றாவது நிமிடத்தில் ஹார்ட் டிஸ்க் திறந்துகொண்டது. டிரைவர் என்ற மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள், செய்தேன். கணினி அடையாளம் காண டிஸ்க்குக்குப் புதிய எழுத்து ஒதுக்கச் சொன்னார்கள், ஒதுக்கப் போனால் ஒதுக்குவதற்கு டிஸ்க்கே பட்டியலில் இல்லை. என் மைத்துனர் அதை உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. அவர் இன்றுவரை அதனால்தான் திறக்கவில்லை என்று சொல்லி வருகிறார்.

நவமணி அக்கா தினமும் மாலை ஆறு மணிக்கு அழைத்தார். முதல் நாள்களில் "ஆச்சா தம்பி?" என்று கேட்டார். அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, அன்று அவர் கணவர் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். தீபாவளியன்றும் அழைத்தார். கஞ்சி என்றார்.

அக்டோபர் 25, சனிக்கிழமை காலை, பாயான் பாருவில் முஸ்தஃபா நடத்தும் கணினிக் கடைக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். போகும் வழியில் நவமணி அக்காவை அழைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நானாகவே சொன்னேன். முஸ்தஃபா அதைத் தன் கணினியில் செருகி, இரண்டு மூன்று முறை அசைத்தார். திரையில் முதல்முறையாக ஒரு செய்தி வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கணினி கேட்டது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்றேன். அதற்கு முஸ்தஃபா, "அண்ணே, நீங்க பதினாலு நாளா கெஞ்சி அது வாயத் தெறக்கல. இப்ப அதுவே கேக்குது. மெஷினே கேக்குறப்ப வேணாங்கறதுக்கு நாம யாரு லா?" என்றார். உள்ளே இருப்பது வேண்டும் என்றேன். "மொதல்ல டிஸ்க்கு உசுரு பொழைக்கட்டும், உள்ள இருக்கிறத பொறவு தேடலாம். உங்களமாரி கஸ்டமர் வாரத்துக்கு நாலு பேர் வராங்க லா, எல்லாரும் கடைசில ஃபார்மட்தான்" என்று சொல்லிக்கொண்டே சுட்டியை நகர்த்தினார். அம்புக்குறி 'ஃபார்மட்' என்ற சொல்லை நோக்கிப் போவதைப் பார்த்தேன்.

அப்போது நான் மேசையைத் தாண்டினேன். மேசை உயரம் குறைவானது. கேபிளைப் பிடுங்கியதும், முஸ்தஃபாவின் கையைத் தட்டிவிட்டதும், வேறொருவருடைய பிரிண்டர் கீழே விழுந்ததும் நான் செய்தவையே. அவரை அடித்தேன் என்று அவர் கொடுத்த புகாரில் இருப்பது சரியல்ல. "வெட்கமா இல்லையா அண்ணே, இந்த வயசுல" என்று அவர் கேட்டது சரி.

அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவரப்பட்டேன். ஹார்ட் டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் பையில் போடப்பட்டது. மூன்று மணிக்கு நவமணி அக்கா கடைக்குப் போய், அங்கே விசாரித்து, இங்கு வந்து சேர்ந்தார். புகார் எழுதிய பெண் காவலர் ரொஸ்னா பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கேபிள் செருகும் துளையில் மஞ்சளாக இருப்பது என்ன என்று மலாய் மொழியில் கேட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். சந்தனம். அக்டோபர் 1 சரஸ்வதி பூஜையன்று, வழக்கப்படி என் கேமராக்களுக்கும் விளக்குகளுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தேன். கேமராவில் கண்ணாடியைத் தவிர்த்து வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கில் முகம் எது என்று தெரியாததால், துளை இருந்த பக்கத்தை முகமாக எடுத்துக்கொண்டேன்.

ரொஸ்னா தலையில் அணிந்திருந்த தூடோங் முக்காட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, காய்ந்த சந்தனத்தைச் சிறிது சிறிதாக நோண்டி எடுத்தார். ஆறு நிமிடம் ஆனது. நிலையத்துக் கணினியில் செருகியதும் ஹார்ட் டிஸ்க் திறந்தது. 214 கோப்புகளும் இருந்தன. எதுவும் குறையவில்லை என்று நான் உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், நவமணி அக்காவின் முன்னிலையில் நல்லமுத்து பேசிய கோப்பு போடப்பட்டது. அவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, காகிதம் இல்லாமல், நான்கு நிமிடம் பத்து விநாடி பேசுகிறார். படம் தெளிவாக உள்ளது.

ஒலி வரவில்லை. இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் அதிகாரி ஸ்பீக்கரைச் சோதித்தார். ஸ்பீக்கர் நன்றாக வேலை செய்தது. திருமண வீடியோ முழுவதற்கும் பின்னால் சினிமாப் பாட்டைச் சேர்த்துவிடுவோம் என்பதால், கேமராவின் ஒலிப்பதிவை நான் எப்போதும் அணைத்தே வைப்பேன். அன்றும் அணைத்திருந்தேன். இத்தனை நாளில் இது ஒருமுறையும் என் நினைவுக்கு வரவில்லை.

நான் தமிழில் சொன்னது தமிழ் தெரிந்த அதிகாரியால் எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளவை நடந்தவை, நான் சொன்னவை. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

ஒப்பம்: குணாளன்
25.10.2025, மாலை 5.40

பின்குறிப்பு, சொன்னவரின் வேண்டுகோளின்படி சேர்க்கப்பட்டது: அந்தக் கோப்பை மறுபடி போடும்படி நவமணி கேட்டுக்கொண்டார். மேலும் மூன்று முறை போடப்பட்டது.