குடை பிடித்த கூட்டாளி

– அதைத்தான் பாய், வரி ஆபீசரும் கேக்கறார். படத்துக்கு அஞ்சு கூட்டாளின்னு எழுதியிருக்கே, டைட்டில்ல ஒருத்தர் பேருகூட வரலையே, ஏன்னு.

– மெதுவாப் பேசுங்க கோ சிவா. உள்ளே என் வீட்டுக்காரி பல்கீஸ் இருக்கா.

– பேரைப் போடாதேன்னு சொன்னது நீங்கதானே?

– நான் பள்ளிவாசல் கமிட்டியில இருக்கறவன். அப்துல் ரவூப் சினிமா எடுக்கறான்னு பசுந்தாங் பேட்டை பூரா சிரிக்கணுமா?

– சிரிக்கறதுக்கு யாராச்சும் படத்தைப் பாத்திருக்கணுமே! ஒரு வாரம்கூட ஓடலை.

– அந்த நஷ்டத்தைக் காட்டினா துணிக்கடை வரியில கழிச்சுக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. கழிச்சோம். இப்போ கூடாதுங்கறாங்க. வரியையும் அபராதத்தையும் கட்டிடறேன். என்னை விட்டுடுங்க.

– நீங்க கட்டினா உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு? பணம் போட்டு, கூட நின்னு வேலையும் பாத்தவனுக்குத்தான் வரிச் சலுகை. ஒண்ணும் தெரியாது, சிவானந்தன் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்னு நீங்களும் சொல்லிட்டா, நான் பொய்க் கூட்டாளிங்களைக் காட்டி ஏமாத்தினவன். நேரா ஜெயில்.

– நீங்களும்னா? மத்தவங்க என்ன சொன்னாங்க?

– நாலு பேரும் அப்படித்தான் சொல்லிட்டாங்க பாய்.

– யாரு அந்த நாலு பேரு?

– அது வேணாம். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியக்கூடாதுன்னுதானே ஆளுக்குத் தனியாக் காகிதம் போட்டோம்? உங்களுக்குக் கொடுத்த வாக்கைத்தான் அவங்களுக்கும் கொடுத்தேன்.

– நான் மட்டும் வந்து என்னத்தைச் சொல்ல? சினிமாவைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

– ஷ்வேப்யிதா ஷூட்டிங்ல கொட்டற மழையில கேமராவுக்குக் குடை பிடிச்சது யாரு?

– வாடகைக் கேமரா. நனைஞ்சா கெட்டுப் போயிடுமேன்னு பிடிச்சேன்.

– நீங்க தொப்பலா நனைஞ்சீங்க. லைட் பசங்களுக்குத் தினமும் சோறும் பருப்பும் கொண்டு வந்தது? மேக்கப் போடற பொண்ணுக்குக் காய்ச்சல்னதும் ரிக்ஷா பிடிச்சு ஏத்தி விட்டது?

– அதெல்லாம் மனுஷனுக்கு மனுஷன் செய்யறதுதானே?

– அதையே ஆபீசர் முன்னாடி சொல்லுங்க பாய். வேற ஒண்ணும் வேணாம்.

– வெள்ளிக்கிழமை மெஹ்ரீனுக்கு நிக்காஹ். சம்பந்தி ஷம்சுதீன் எப்படிப்பட்டவர் தெரியுமா? வீட்டுல டிவிகூட வைக்காத மனுஷன். சினிமாக்காரன் மகள்னு தெரிஞ்சா அன்னிக்கே முறிச்சுடுவார்.

– தெரியும் பாய். பயந்த மனுஷர். நல்லவர்.

– அப்போ நான் வர முடியாதுன்னும் புரியுதில்லே?

– புரியுது. ரெண்டு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க, நான் கிளம்பறேன். இந்தாங்க, மெஹ்ரீனுக்கு இடுப்புல கட்டிக்க ஒரு பட்டு லோஞ்சி. என் வீட்டுக்காரி அம்சா எடுத்துக் கொடுத்தா.

– நிக்காஹுக்கு வந்து உங்க கையாலேயே கொடுங்களேன்.

– வெள்ளிக்கிழமை எங்கே இருப்பேனோ பாய். வாங்கிக்குங்க.

– கொடுங்க. பாத்துப் போங்க கோ சிவா.

– போயிட்டாரா அவரு?

– யாரு பல்கீஸ்? அவரு துணி விஷயமா...

– வேணாங்க. ஷ்வேப்யிதாவுக்குத் துணி விக்கப் போறேன்னு அந்த மழைக்காலம் பூரா நனைஞ்சு வந்தீங்களே, கொண்டுபோன துணி அப்படியே திரும்பி வந்துச்சு. நான் ஆக்கின பருப்புச் சட்டிதான் காலியா வந்துச்சு.

– தெரிஞ்சுமா கேக்காம இருந்தே?

– பசிச்ச வயித்துக்குத்தானே போகுதுன்னு இருந்துட்டேன். ஆனா இன்னிக்குக் கேக்கறேன். அவரு உங்ககிட்டே எல்லாத்தையும் சொன்னாரா?

– சொன்னாரே.

– ஒண்ணைச் சொல்லலை. காலையில சம்பந்தி வீட்டு நூர் பீவி மதினி வந்து அழுதாங்க. அவங்க வீட்டுக்காரர் நேத்துக் கியாக்டடா வரி ஆபீஸுக்குப் போய், எனக்கு ஒண்ணும் தெரியாது, சிவானந்தன் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிட்டு வந்தாராம். சாயங்காலம் அஸர் தொழுகையில சுஜூதுக்குத் தரையில நெத்தி வெச்சவர் ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லையாம்.

– ஷம்சுதீனா? நம்ம சம்பந்தியா? அவரும் கூட்டாளியா?

– உங்க முன்னாடி சிவா அண்ணன் இவ்வளவு நேரம் உக்காந்து கெஞ்சினாரே, சம்பந்தியும்தான் பாய்னு ஒரு வார்த்தை வந்துச்சா அவரு வாயில?

– யா அல்லாஹ்... நான் அந்த மனுஷன் பேரைச் சொல்லித்தானே இவரைத் திருப்பி அனுப்பினேன்!

– நல்லா யோசிச்சுக்குங்க. நீங்க போய் உண்மையைச் சொன்னா, நேத்து சம்பந்தி சொன்னது பொய்னு ஆயிடும். வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடக்காது.

– வெளியே மழையா?

– கொட்டுது. அவரு நனைஞ்சுக்கிட்டேதான் பஸ்ஸுக்குப் போறாரு.

– அந்தக் குடையை எடு. நான் வர்றதுக்குள்ளே மெஹ்ரீனைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லிடு பல்கீஸ், அவ வாப்பா சினிமாக்காரன்னு.