கடலில் பாடிய பொத்தான்

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார்:

“வள்ளத்தின்ரை எஞ்சின் நிண்டுபோன நேரம் நடுக்கடலிலை பாட்டுக் கேட்ட ஆள் நீங்கள் ஒருத்தர்தான்.”

“கேக்கேல்லையப்பா. உமக்குக் கோல் எடுக்கத்தான் போனிலை பொத்தானை அமத்தினனான். அது பாட்டைப் போட்டுட்டுது.”

“ஏன் போடுது? ஈரக் கையாலை திரையைத் தொட்டால் வேலை செய்யாது எண்டுதானே, பக்கவாட்டிலை இருக்கிற பொத்தானை அமத்த எனக்குக் கோல் வாற மாதிரிச் செய்து தந்தனான்? ஆர் மாத்தினது?”

“வலையைப் போட்டிட்டுச் சும்மா இருக்கேக்கை பாட்டுக் கேப்பம் எண்டு நான்தான் மாத்தினனான். பிறகு மறந்துபோனன்.”

“நான் கரையிலை நிண்டு, வாற வள்ளக்காரர் எல்லாரையும் ‘இவரைக் கண்டனீங்களோ’ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். உங்களுக்கு அங்கை கச்சேரி!”

“அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்ற வள்ளம் உதவிக்கு வந்தது.”

“வாயை மூடுங்கோ. போனைத் தாங்கோ.”

கொடுத்தார். அந்தப் பெண் போனில் எதையோ மாற்றினார். பிறகு போத்தல் தண்ணீரைக் கணவரின் கையில் ஊற்றிவிட்டு, போனை அந்த ஈரக் கையிலேயே வைத்தார்.

“இப்ப அமத்துங்கோ.”

பெண்ணின் பைக்குள் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

“திரும்ப அமத்துங்கோ.”